கேட்க மாட்டேன்

பாலக்கரையில் என்னை அம்மா என்று கூப்பிடாத ஆள் கிடையாது. காலையில் ஆறு மணிக்கே, "அம்மா, ரெண்டு பாக்கெட் மாவு" என்று கதவைத் தட்டுகிறார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் தட்டுகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "உள்ள போங்கம்மா, உள்ள போங்க" என்கிறார். காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், ரேஷன் கடையில் கைரேகை வாங்குகிறவர், எல்லோருக்கும் ஆனந்தவள்ளி அம்மா. நான் பெற்ற ஒருத்தி இருக்கிறாளே, சுபஸ்ரீ, அவளுக்கு மட்டும் நான் அத்தை.

இதற்கு வேறு யாரையும் திட்ட வழியில்லை. நானே தேடிக்கொண்டது. என் வாய் சும்மா இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை.

சுபஸ்ரீக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் தங்கவில்லை. ஒன்று பதினெட்டு நாள், இன்னொன்று நான்கு மாதம். மூன்றாவதாகப் பிறந்த இவளுக்கும் மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் வந்து வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டுபோங்க, பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' என்னவென்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். நான் வீட்டுக்குப் போகவில்லை. மாட்டுத்தீவனக் கடையில் ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து நேராக ஸ்ரீரங்கம் போனேன்.

பிள்ளை தங்காத வீட்டில் பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. பிள்ளையைச் சாமிக்கு என்று கொடுத்துவிட்டு, அந்தத் தவிட்டைக் கொடுத்து வளர்ப்புக்கென்று திரும்ப வாங்கிவருவார்கள். அப்புறம் அது சாமி பிள்ளை. எமன் வந்து நின்றாலும், "இது என் பிள்ளை இல்லை, போய் உடையவளைக் கேள்" என்று சொல்லிவிடலாம். ஊர் மாரியம்மன் கோயிலில்தான் செய்வார்கள். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயார் சன்னிதியில் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பெயரிலேயே தாயார் இருக்கிறதே, ஒரு தாய்க்குத் தெரியாதா என்று எனக்குள் ஒரு எண்ணம்.

வெளியே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்து, சன்னிதியைப் பார்த்துத் தூக்கிக் காட்டச் சொன்னேன். பாவம், மிரண்டுபோய்க் காட்டினாள். தவிட்டை அவளிடம் தள்ளிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கம் அவ்வளவுதான். உள்ளே போய்த் தாயார் முன்னால் நின்றதும் எனக்கு என்ன வந்ததோ, "இவ உன் பிள்ளை. உயிரை மட்டும் விட்டுவை. அம்மாங்கற வார்த்தையக்கூட நான் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். தாயார் என்னிடம் அதைக் கேட்டாளா? எத்தனை வருஷத்துக்கு என்றாவது நான் சொன்னேனா? ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளை பிழைத்தது. பிழைத்துவிட்டதே, அதற்கப்புறம் கொடுத்த வாக்கை மாற்றிப் பேச எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

பேச ஆரம்பித்த வயதில் அவளைப் பழக்கியதுதான் பெரும்பாடு. எல்லாப் பிள்ளைக்கும் முதலில் வரும் சத்தம் அதுதானே. அவள் 'ம்' என்று உதட்டைச் சேர்க்கும்போதெல்லாம் நான் குறுக்கே விழுந்து, "அத்தை, அத்தை சொல்லு" என்பேன். என் வீட்டுக்காரர் முருகானந்தம், காந்தி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு மட்டும் ராஜா மாதிரி 'அப்பா' பட்டம். வேலை முடிந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் "அப்பா, அப்பா" என்று அவள் குதிக்கும்போது எனக்கு எரிந்துகொண்டு வரும். அவர் மேல் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஸ்கூல் விட்டதும் மற்ற பிள்ளைகள் எல்லாம் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தன. அந்தக் கூட்டத்தில் இவளும் ஓடிவந்தாள், "அம்மா!" என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வேண்டுதலும் ஞாபகம் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. குனிந்து அள்ளிக்கொண்டேன். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதிலேயே இருக்கிறது.

அந்த வாரமே அவளுக்கு முகம் வீங்கியது. பிறகு கால். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரண்டு கிட்னியும் பிறவியிலேயே சிறுத்தது என்றார்கள்.

"பிறவிலேயே இருந்ததுன்னு டாக்டர் சொல்றாரு. நீ என்னன்னா அவ அம்மான்னு கூப்பிட்டதால வந்துச்சுங்கற" என்று இவர் சண்டை போட்டார். என் காதில் ஏறவில்லை. அதைவிடக் கேவலம், நான் அந்தக் குழந்தையைப் பிடித்து உலுக்கி, "நீ அம்மான்னு கூப்பிட்டேல்ல, அதான் இப்படி ஆயிடுச்சு" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம். என் நாக்கில் சூடு போட வேண்டும். அவள் அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு நாளும், ஊசி குத்தும்போதுகூட, அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. வலித்தால் "ஐயோ அத்தை" என்பாள். நர்ஸ்கள் சிரிப்பார்கள்.

பத்து வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்க வேண்டும். ஒண்ணுக்குப் போவது நின்றுபோனது. தண்ணீர் அளந்துதான் தர வேண்டும். எங்கள் வீட்டுத் தொழிலோ மாவு. அரிசியும் உளுந்தும் அண்டா அண்டாவாகத் தண்ணீரில் ஊறும். களைந்து கொட்டுகிற தண்ணீரை அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "அத்தை, வாய் மட்டும் கொப்புளிச்சுக்கட்டுமா?" என்பாள். கொப்புளிக்கும்போது தொண்டையைத்தான் பார்ப்பேன், விழுங்கிவிடுகிறாளா என்று. அப்படி ஒரு போலீஸ்காரியாக என்னை ஆக்கிவிட்டாயே என்று வெள்ளிக்கிழமைதோறும் தாயாரிடம் போய்ச் சண்டை போடுவேன். சண்டை போட்டுவிட்டு, ஆனாலும் உயிரை வைத்திருக்கிறாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவேன்.

போன வருஷம் டாக்டர்கள் கிட்னி மாற்றலாம் என்றார்கள். இவருக்குச் சர்க்கரை, ஆகாது. எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். எல்லாம் பொருந்தியது. பொருந்துகிறது என்று சொன்ன அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து சிரித்தேன். உறவைச் சொல்லிக் கூப்பிட முடியாவிட்டால் என்ன, ரத்தம் சொல்லிவிட்டதே.

கிட்னி கொடுக்கிறவரை யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ கூட்டிவருகிறார்களா என்று பார்க்க அங்கே ஒரு குழு இருக்கிறது. கேமராவை ஓடவிட்டுக் கேள்வி கேட்பார்கள். முதலில் என்னைக் கேட்டார்கள். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுபஸ்ரீயிடம் தனியாகப் பேசினார்கள். அரை மணி நேரம் கழித்து பெலிண்டா வெளியே வந்தாள். ஆபரேஷன் சம்பந்தமான காகிதம், தேதி எல்லாம் பார்க்கிற பெண். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பைக் காணோம்.

"ஆனந்தவள்ளிம்மா, உண்மையச் சொல்லுங்க. நீங்க அந்தக் குழந்தைக்கு யாரு?"

"என்னங்க கேள்வி இது?"

"யாராவது உங்கள மிரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"என்னை மிரட்ட ஒருத்தன் இனிமேதான் பொறந்து வரணும். என்ன ஆச்சு, சொல்லுங்க."

அவள் கையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். உன் அம்மா பேர் என்னம்மா? ரங்கநாயகி. எங்க இருக்காங்க? ஸ்ரீரங்கத்துல. ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல? அவங்க படி தாண்ட மாட்டாங்க. உடம்பு முடியாதவங்களா? இல்ல, நல்லாத்தான் இருக்காங்க, வெள்ளிக்கிழமை நாங்கதான் போய்ப் பார்ப்போம், கூட்டமா இருக்கும். அப்ப வெளிய உட்கார்ந்திருக்கிறது? அத்தை. கிட்னி யாரு தரா? அத்தை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குழுவின் பெரிய டாக்டர் வெளியூர்க்காரராம். ரங்கநாயகி என்று ஒரு பணக்காரி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, ஏழை நாத்தனாரைப் பிடித்து அனுப்பியிருக்கிறாள், பிறப்புச் சான்றிதழும் பொய்யாக இருக்கும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

பெலிண்டாவிடம் தவிட்டில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"தாயாரா? அந்தத் தாயாரா? கடவுளே! எங்க மாதா கோயில்லயும் பிள்ளைய ஒப்புக்கொடுப்பாங்கம்மா. அதுக்காகப் பெத்தவள அத்தைன்னு கூப்பிட யாரும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் சொல்லலைங்க. நானேதான் சொல்லிட்டேன்."

"சரி, காகிதமெல்லாம் சரியா இருக்கு. ஆனா வீடியோவுல குழந்தை வாயால நீங்க அம்மா இல்லன்னு பதிவாகியிருக்கு. திங்கக்கிழமை மறுபடி கேப்பாங்க. அவ வாயால அம்மான்னு சொல்லணும். இல்லேன்னா இது நிக்கும், அடுத்த மாசமோ எப்பவோ. அவ இருக்கிற நிலைமைக்கு அவ்வளவு நாள் தள்ள முடியாதும்மா."

வெள்ளிக்கிழமை தனியாக ஸ்ரீரங்கம் போனேன். என் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நீயும் கோபிக்காதே என்று தாயாரிடம் நயமாகப் பேசிவிட வேண்டும். பஸ்ஸிலேயே என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் வரிசை. முன்னால் போய் நின்று, "தாயே, அன்னைக்கு நான் ஒரு வார்த்தை" என்று ஆரம்பிப்பதற்குள், "தாயார நன்னா சேவிச்சுக்கோங்கோ, நகருங்கோ, நகருங்கோ" என்று பட்டர் மஞ்சள் காப்பைக் கையில் வைத்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு அம்மாள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். பதினோரு வருஷ வழக்கை ஆறு நொடியில் பேசி முடி என்றால் எந்த வக்கீலால் முடியும்? வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். யாரோ, "என்னாச்சும்மா?" என்று கேட்டார்கள். அம்மாவாம். போய்யா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அரைப்பு எல்லாம் முடித்து, கை கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சுபா, நாளைக்கு அவங்க கேட்டா, இவங்கதான் என் அம்மான்னு சொல்லணும்."

"மாட்டேன்."

"சொல்லித்தான்டி ஆகணும்."

"போன தடவ சொன்னதுக்கு கிட்னி போச்சு. இந்தத் தடவ என்ன போகும்?"

ஆறு வருஷமாக இதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அது பொய்டி கண்ணு. அன்னைக்குப் பயத்துல உளறிட்டேன். உனக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். டாக்டர் சொன்னாருல்ல?"

"பொய்யா?"

"பொய்."

"அப்ப இனிமே உன்ன அம்மான்னே கூப்பிடலாமா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. ஆபரேஷன் மேஜையும் கத்தியும் கண் முன்னால் வந்து நின்றன. இத்தனை வருஷம் காப்பாற்றியவளை இந்த நேரத்தில் பகைத்துக்கொள்வதா?

"வேண்டாம்" என்றேன்.

"பாத்தியா, அப்ப பொய் இல்ல."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவளே, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அத்தை, நீ தாயார்கிட்ட சரியா என்னன்னு சொன்ன? அப்படியே சொல்லு."

"அம்மாங்கற வார்த்தையக்கூட நான் கேட்க மாட்டேன்னு சொன்னேன்."

"கேட்க மாட்டேன்னா? எனக்கு அந்த வார்த்தை வேணும்னு கேட்க மாட்டேன்னா, இல்ல காதால கேட்க மாட்டேன்னா?"

வேண்டும் என்று கேட்க மாட்டேன் என்றுதான் நான் சொன்னது. தாயார் எப்படி எடுத்துக்கொண்டாளோ?

"ரெண்டும்தான்னு வெச்சுக்குவோம்" என்றாள் சுபஸ்ரீ. "நீ வேணும்னு கேக்கல. அந்த டாக்டர்தான் கேக்கறாரு. உன் காதுல விழாம நான் உள்ள சொல்லிட்டேன்னா, உன் வார்த்தை தப்பல இல்ல?"

என் வயிற்றில் பிறந்தது, வாய்க்குக் கேட்பானேன்? இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளை உள்ளே கூட்டிப்போனதும் நான் கதவுப் பக்கம் நிற்கவில்லை. வராந்தாவின் கடைசிக்கு, லிஃப்ட் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டேன். அங்கேயும் சந்தேகம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றேன். லிஃப்டில் வந்தவர்கள் எல்லாம் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டுமே, எனக்கென்ன?

பெலிண்டா வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"முடிஞ்சுதும்மா. சொல்லிட்டா. கையெழுத்துப் போட்டுட்டாங்க. அடுத்த புதன்கிழமை ஆபரேஷன்."

"என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டு உடனே, "ஐயோ, சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். என்னால் அதோடு விட முடியவில்லை.

"வார்த்தை வேண்டாங்க. எப்படிச் சொன்னா, அத மட்டும் சொல்லுங்க. சத்தமாவா, மெதுவாவா?"

"மெதுவா. கதவு நல்லா சாத்தியிருக்கான்னு ரெண்டு தடவ கேட்டா. சாத்தியிருக்குன்னு நாங்க சொன்னப்புறம்தான் சொன்னா. சொல்லிட்டு டேபிள்ல தலைய வெச்சு அழுதுட்டா."

மூன்று டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். பெலிண்டா கேட்டிருக்கிறாள். அந்த கேமரா கேட்டிருக்கிறது, இன்னும் எத்தனை தடவை போட்டாலும் கேட்கும். பெற்றவளுக்கு மட்டும் இல்லை. உள்ளே போய் அந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

புதன்கிழமை காலை எங்கள் இரண்டு பேருக்கும் பச்சை உடுப்பு மாட்டி, இரண்டு ஸ்ட்ரெச்சரில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். கொடுக்கிறவளை முதலில் கொண்டுபோவார்களாம். இவர் இரண்டு பேர் தலையையும் தடவிவிட்டு, முகத்தைக் காட்டாமல் வெளியே போனார். என் வண்டியைத் தள்ளப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சுபஸ்ரீ தலையைத் தூக்கினாள். கண் இரண்டும் பெரிதாக இருந்தது. பயந்துவிட்டாள். மெஷினுக்குப் பயப்படாதவள், ஊசிக்குப் பயப்படாதவள், நான் தனியாகப் போகிறேன் என்றதும் பயந்துவிட்டாள்.

"அ" என்று வாயைத் திறந்தாள்.

அடுத்து நாக்கு பல்லைத் தொடுமா, உதடு சேருமா? இருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஊசி ஏற்றிய கையோடு எட்டி அவள் வாயைப் பொத்திவிட்டேன். எந்த வார்த்தையோ, அதை அவள் என் உள்ளங்கைக்குள்ளேயே சொன்னாள். சூடாக மூச்சு பட்டது. "கை ஆட்டக் கூடாதும்மா" என்று நர்ஸ் கத்தினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள், கிருமி தொற்றாமல் அவளைத் தனியாக வைத்திருந்த கண்ணாடி அறையிலிருந்து நர்ஸ் ஒருத்தி போனில் அவளைப் பேசவிட்டாள். "அத்தை, நான் ஒண்ணுக்குப் போயிட்டேன். பை நிறைஞ்சு மாத்தினாங்க. நிறைய!" என்று கத்தினாள். தையல் பிரிந்துவிடும், அழாதீர்கள் என்று இங்கே எனக்குத் திட்டு விழுந்தது. ஒண்ணுக்குப் போனதைக் கேட்டு இப்படி அழுத பெண்பிள்ளை திருச்சியில் நானாகத்தான் இருப்பேன்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது அவள் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். பெரிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். "அத்தை, தண்ணி தீர்ந்துபோச்சு" என்று வீடே அதிரக் கத்துகிறாள். ஸ்கூலுக்குப் போகிறாள், முகமூடி போட்டுக்கொண்டு.

"பிள்ளை நல்லா ஆயிடுச்சே. இன்னும் என்னடி வேண்டுதல்?" என்று இவர் கேட்கிறார்.

"நல்லா ஆயிடுச்சுல்ல, அதனாலதான்" என்கிறேன். அவருக்குப் புரியவில்லை. அவருக்கென்ன, அவர் அப்பா.

மத்தியானம் அவள் ஸ்கூலில் இருக்கும் நேரத்தில், மாவு வழித்த கையைக் கழுவும்போது நான் என் உள்ளங்கையைப் பார்ப்பதுண்டு. உதடு சேர்ந்த மாதிரியும் இருக்கிறது, சேராத மாதிரியும் இருக்கிறது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அவள் மறந்திருக்க மாட்டாள். கேட்டால் சொல்லிவிடுவாள்.